திருவிழாக் கடைத்தெரு: நாம் எழுத மறந்த தோட்ட வரலாறு



2011ஆம் ஆண்டில் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'நான் கண்ட திருவிழா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். அன்று மாலை வீட்டில் அமர்ந்து இருபத்தேழு கட்டுரைகளையும் திருத்தினேன். அவற்றுள் பத்தொன்பது கட்டுரைகளில் ராட்டினம் சுழன்றது. பெரும்பாலானவற்றில் பஞ்சு மிட்டாய் விற்கப்பட்டது, பலூன்காரர் வந்தார், வளையல் கடையில் பெண்கள் மொய்த்தனர். மொழி பிழையின்றி அழகாகவே இருந்தது.

மறுநாள் வகுப்பில், "உங்களில் யார் யார் திருவிழாவில் ராட்டினம் ஏறியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரே ஒரு மாணவன் தயங்கியவாறு கையைப் பாதி உயர்த்தினான். "எங்கே ஏறினாய்?" என்றேன். "கெந்திங் மலையில், ஆசிரியர்" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால், அந்தச் சிரிப்பு எனக்கு நெடுநேரம் நிலைக்கவில்லை. அந்த ராட்டினம் யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக விற்கப்பட்ட மாதிரிக் கட்டுரை நூலிலிருந்து வந்தது. அந்நூலுக்கு எங்கிருந்து வந்ததோ! தாம் காணாத ஒரு திருவிழாவைப் பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவித்திருந்தார்கள்.

வேதனை என்னவெனில், அந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் மெய்யான திருவிழாக் கடைத்தெருவில் நடந்தவர்கள். அதுவும் வெகு தொலைவில் இல்லை. பீடோரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும், மேற்கே கடல்நோக்கிச் செல்லும் சாலையின் முடிவிலுள்ள தெலுக் இந்தானிலும். அந்தக் கடைத்தெருவின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கோயிலும் கடையும்

கோயில் விழா ஒன்று நடந்தால் அதையொட்டிச் சந்தை கூடுவது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்னும் இரு பகுதிகளுக்கும் இடையே நாளங்காடி இருந்தது. அந்நகரின் இந்திர விழா சித்திரைத் திங்களின் முழுநிலவையொட்டிக் கொண்டாடப்பட்டதாக அக்காப்பியம் கூறும். மதுரைக்காஞ்சியோ மதுரையில் பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் நமக்குக் காட்டுகிறது. இன்றைய தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைகளும் மாடுகளும் விற்கும் பெருஞ்சந்தை கூடுகிறது. தெய்வத்தைத் தொழ வந்த கூட்டம் பண்டத்தையும் வாங்கும். பண்டம் வாங்க வந்தவர் தெய்வத்தையும் தொழுவார். இரண்டையும் நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வழக்கமே கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. ஒப்பந்தக் கூலி முறையிலும், அது 1910இல் முடிவுற்ற பின்னர்க் கங்காணி முறையிலும் வந்த நம் மக்கள், தோட்டத்தில் குடிசை போட்ட கையோடு ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ மரத்தடியில் நிறுத்தினார்கள். கோயில் எழுந்தது, ஆண்டுக்கு ஒரு திருவிழா வந்தது, திருவிழாவோடு கடையும் வந்தது.

தெலுக் ஆன்சன் என்னும் வாசல்

இன்றைய தெலுக் இந்தானை எங்கள் பாட்டி இறுதிவரை 'தெலுக் ஆன்சன்' என்றே சொல்வார். பினாங்கின் துணை ஆளுநராக இருந்த ஆன்சன் என்பவரின் பெயரை ஆங்கிலேயர் 1882இல் அவ்வூருக்குச் சூட்டினர். சரியாக நூறாண்டுகள் கழித்து, 1982இல், அது மீண்டும் தெலுக் இந்தான் ஆயிற்று. 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரத்தால் இன்று பலரும் அவ்வூரை அறிவர். ஆனால், நம் தோட்ட வரலாற்றில் அவ்வூருக்கு இடம் பெற்றுத் தந்தது கோபுரத்தைவிட அதன் துறைமுகமே.

பேராக் ஆறு கடலில் கலக்கும் முன் வளைந்து செல்லும் இடத்தில் அவ்வூர் அமைந்திருக்கிறது. பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கரையோரக் கப்பல்கள் ஆற்றின் வழியே அங்கு வந்து நின்றன. 1890களில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்குத் தொடர்வண்டித் தடம் போடப்பட்டது. உள்நாட்டு ஈயமும் பின்னாளில் ரப்பரும் அத்தடத்தில் இறங்கின. அரிசியும் துணியும் பாத்திரமும் ஏறின. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டு, நாட்டின் முதன்மைத் தொடர்வண்டித் தடமும் முழுமை பெற்ற பின்னர், தெலுக் ஆன்சனின் பெருமை மெல்லக் குறைந்தது. எனினும், கீழ்ப் பேராக்கின் கடைவீதியாக அது நிலைத்து நின்றது.

அங்கு வட்டித் தொழில் நடத்த வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், தாம் சென்ற இடமெல்லாம் செய்தது போலவே, தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தனர். அக்கோயிலின் சித்ரா பௌர்ணமி விழா பேராக் மாநிலத்தில் பெயர்பெற்ற விழாக்களுள் ஒன்று. முருகப்பெருமான் தேரேறி ஊர்வலம் வருவார், காவடிகள் ஆடிவரும், வீதியின் இரு மருங்கிலும் கடைகள் நிற்கும்.

இக்கடைத்தெருவில்தான் இரண்டு நிலங்கள் சந்தித்தன. கிழக்கே மலையடிவாரத்தில் பீடோர், தாப்பா, சுங்கை எனும் ரப்பர்ப் பகுதி. மேற்கே பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் எனும் கடலோரத் தென்னைப் பகுதி. இங்கே பால்மரம் வெட்டியவர்களும் அங்கே தேங்காய் உரித்துக் கொப்பரை காய வைத்தவர்களும் தமிழர்களே. பலர் ஒரே கப்பலில் வந்து வெவ்வேறு தோட்டங்களுக்குப் பிரிந்தவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், அண்ணன் தம்பிகள்கூட உண்டு. ஆண்டில் ஒரு முறை அவர்கள் ஒருவரையொருவர் கண்டது சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில். எங்கள் பாட்டி தாப்பா ரோட்டில் தொடர்வண்டி ஏறித் தம் அக்காளைப் பார்க்கச் செல்வாராம். திரும்பும்போது கருவாட்டு மூட்டையும் கொப்பரையும் வருமாம். கடலோரத்து மணம் எங்கள் லயத்துக்கு வந்தது அவ்வாறே. அந்தத் தொடர்வண்டி 1980களின் இறுதியில் நின்றுபோயிற்று.

தோட்டத் திருவிழா நடந்த முறை

தெலுக் ஆன்சன் விழா பெரியது. அதன் சிறு வடிவங்களாக ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் திருவிழா நடந்தது. அது நடந்த முறையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். ஏனெனில், அதில் தோட்ட வாழ்க்கையின் கட்டமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலாவது, பணம். கோயிலுக்கென ஒரு தொகை, மாதந்தோறும் தோட்ட அலுவலகத்தில் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. 'செக்ரோல்' எனப்படும் பெயர்ப் பதிவேட்டில் கிராணி அதைக் குறித்துக்கொள்வார். எனவே, திருவிழா என்பது செல்வர் ஒருவரின் கொடையன்று. பால்வாளி தூக்கிய ஒவ்வொருவரும் பங்கு போட்ட விழா அது.

இரண்டாவது, நாள். எங்கள் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் பங்குனி, சித்திரை மாதங்களில் திருவிழா வந்தது. அதற்குப் பஞ்சாங்கம் மட்டும் காரணமன்று. ஆண்டுத் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். புதுத்தளிர் விடும் வரையில் பால் குறையும். வேலையும் குறையும். ஓய்வு கிடைக்கும் அக்காலம் விழாவுக்கு ஏற்றதாயிற்று. துரையிடம் கேட்டு விடுப்புப் பெற வேண்டும். அவரும் மாலை மரியாதை பெற ஒரு நாள் வந்து நிற்பார்.

மூன்றாவது, முறைவைப்பு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் ஒரே நாளில் திருவிழா வைக்கமாட்டா. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் அடுத்த தோட்டம். இதனால் சொந்தபந்தங்கள் எல்லா விழாவுக்கும் போக முடிந்தது. கடைக்காரர்களும் ஒரு தோட்டத்தில் கூடாரம் பிரித்து அடுத்த தோட்டத்தில் போட முடிந்தது. வளையல், பாத்திரம், துணி, பலகாரம் என நான்கைந்து குடும்பங்கள் இவ்வாறு சுற்றிக்கொண்டே பிழைத்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் சிறுவயதில் கண்டது இவ்வழக்கத்தின் கடைசிக் காலம், 1980களின் பிற்பகுதி. பெரட்டுக் களத்திலிருந்து கோயில் வாசல்வரை மண்ணெண்ணெய் விளக்குகள் எரியும். காற்றடித்து ஏற்றும் அவ்விளக்கின் இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அல்வாவும் மைசூர்பாகும் அடுக்கியிருக்கும். ஈப்போவிலிருந்து கச்சாங் பூத்தே வரும். இன்றும் ஈப்போ புந்தோங்கில் அக்கடலை வகைகளைச் செய்யும் தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் வாழும் பகுதிக்குக் கச்சாங் பூத்தே கம்பம் என்றே பெயர். பீடோரிலிருந்து சீனர் ஒருவர் கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தோடு வருவார். மலாய்க்காரர் ஒருவர் சாத்தே சுடுவார். சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் தரையில் பரப்பிக் கிடக்கும். இரவில் வெண்திரை கட்டிப் படம் காட்டுவார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் பவளக்கொடியும் அரிச்சந்திரனும் வள்ளி திருமணமும் நாடகமாக நடந்தன.

ராட்டினம் மட்டும் எங்கள் தோட்டத்துக்கு ஒருபோதும் வந்ததில்லை.

பதினைந்து வெள்ளிக் குத்துவிளக்கு

எங்கள் வீட்டுப் பூசையறையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. உச்சியிலுள்ள அன்னத்தின் அலகு சற்றே உடைந்திருக்கும். அதைப் பாட்டி 1960களின் தொடக்கத்தில் தோட்டத் திருவிழாவில் வாங்கினார். விலை பதினைந்து வெள்ளி. முதலாண்டு ஐந்து வெள்ளி கொடுத்தார். மீதியை அடுத்த திருவிழாவில் ஐந்து, அதற்கடுத்த திருவிழாவில் ஐந்து எனக் கொடுத்து முடித்தார்.

விளக்கை விற்ற பாத்திரக் கடைக்காரர் பினாங்கிலிருந்து வருபவர். எழுத்தில் ஒன்றுமில்லை, கையெழுத்துமில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் இருந்தன. விளக்கை முதலாண்டே கொடுத்துவிட்டுப் போனார்.

இதில் எனக்குப் பின்னாளில்தான் ஒரு பொருளாதாரம் விளங்கிற்று. திருவிழா வருவது பால் குறைந்த காலத்தில். ஓய்வு இருந்தது, கையில் காசு இல்லை. ஆகவே, அந்தக் கடைத்தெரு ரொக்கத்தில் நடக்க வழியே இல்லை. கடனில்தான் நடந்தாக வேண்டும். கடன் கொடுத்தவர் அடுத்த ஆண்டு வருவார் என்ற உறுதி வாங்கியவருக்கு வேண்டும். வாங்கியவர் அதே தோட்டத்தில் இருப்பார் என்ற உறுதி கொடுத்தவருக்கு வேண்டும். அந்த உறுதியை இருவருக்கும் கொடுத்தது அம்மன் திருவிழாவின் நாள். "சித்ரா பௌர்ணமிக்குத் தருகிறேன்" என்று சொன்னால் அது வெறும் தவணையன்று, வாக்கு. அவ்வாக்கைத் தவறியவர் அடுத்த ஆண்டு கூட்டத்தில் எல்லார் முகத்திலும் விழிக்க வேண்டும்.

பணக்கடன் மட்டுமா? பெண் பார்ப்பதும் அங்கேதான். பிணக்குத் தீர்ப்பதும் அங்கேதான். எந்தத் தோட்டத்தில் துரை நல்லவர், எங்கே மரம் இளசு, எங்கே பால் கூடுதல், எங்கே தண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள் என்னும் செய்தியெல்லாம் அங்கேதான் கைமாறின. நாளிதழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு அக்கடைத்தெருவே நாளிதழ்.

நிழலும் உண்டு

பழமையைப் போற்றும்போது அதன் குறைகளை மறைத்துவிடக் கூடாது. மாணவர்க்கு வரலாறு சொல்லும் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

திருவிழா இரவுகளில் கள்ளும் சாராயமும் ஓடின. கட்டை உருட்டும் சூதாட்டத்தில் மாதச் சம்பளத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. கடனில் வாங்கிய சேலைக்கு வட்டி கட்டி அழிந்த குடும்பங்களும் உண்டு; எல்லாக் கடைக்காரரும் குத்துவிளக்குக் கடைக்காரரைப் போன்றவரல்லர். சில தோட்டங்களில் யார் முதல் மரியாதை பெறுவது, யார் தேர்வடம் தொடலாம் என்னும் சாதிச் சண்டைகள் கத்திக்குத்துவரை போயின. கடல் கடந்து நாம் கொண்டுவந்தவற்றுள் அம்மன் மட்டுமே இருந்ததென்று சொன்னால் அது பொய்.

மேலும், அத்திருவிழா துரையின் இசைவில் நடந்தது. நிலம் தோட்டத்துக்குரியது, கோயில் நின்ற இடமும் தோட்டத்துக்குரியது. இந்த உண்மையின் விலையைப் பின்னாளில் நாம் கொடுத்தோம்.

மறைந்த வரலாறு

கடைத்தெரு ஒரே நாளில் மறையவில்லை. அதன் மீது அடிமேல் அடி விழுந்தது.

சப்பானியர் ஆட்சிக்காலமாகிய 1941 முதல் 1945 வரையில், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பலர் திரும்பவில்லை. அரிசியே இல்லாத காலத்தில் அல்வாக் கடை ஏது? அடுத்து, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலம். மலையடிவாரத்திலுள்ள எங்கள் பகுதியில் ஊரடங்கும் முள்வேலியும் கடுமையாக இருந்தன. இரவுத் திருவிழாவைப் பகலிலேயே முடித்துக்கொண்டதாகப் பாட்டி சொல்வார்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆங்கிலேய முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆய்ந்து எழுதியுள்ளார். இதற்கு எதிராகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிய அரும்பெரும் முயற்சி அது. எனினும், துண்டாடலை அதனால் முற்றாக நிறுத்த முடியவில்லை. பின்னர், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி வேண்டும் என 1969இல் விதி வந்தபோது, பல குடும்பங்கள் தமிழகத்துக்குக் கப்பலேறின. பால்மரம் அழிந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. 1980களிலும் 1990களிலும் லயங்கள் காலியாகத் தொடங்கின.

தோட்டம் கலைந்தபோது நம்மவர்கள் முதலில் காப்பாற்ற ஓடியது கோயிலையும் பள்ளியையும். அது சரியே. விடுதலை பெற்ற 1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பின்னாளில் அவை ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தன. எஞ்சியவற்றைக் காக்கப் பட்ட பாட்டை நம்மில் பலர் அறிவோம். அம்மனும் தாமானுக்கு இடம்பெயர்ந்தாள். குடமுழுக்கு நடந்தது; மலர் வெளியிட்டோம்.

திருவிழாவும் தொடர்கிறது. ஆனால், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளில் முடிகிறது. அன்னதானக் கூடாரம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு. கடைகள் இல்லை. இரண்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு அனைவரும் மகிழுந்தில் ஏறி வீடு திரும்பிவிடுகிறோம். தெய்வத்தைக் கொண்டுவந்துவிட்டோம், தெய்வத்தின் வாசலில் மனிதர்கள் ஒருவரோடொருவர் மூன்று நாள் கலந்திருந்த அந்த வெளியைக் கொண்டுவரவில்லை.

கடலுக்கு அப்பால் ஓர் ஊர்

பிற நாட்டார் தம் சந்தைகளை எவ்வாறு போற்றுகின்றனர் என்று பார்ப்பதும் பயன்தரும். அயர்லாந்துத் தீவின் வடகரையில் பேலிகாசல் என்னும் சிறிய கடலோர ஊர் உண்டு. அங்கே ஒவ்வோர் ஆகசுட்டு மாதத்தின் இறுதித் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் லாமஸ் சந்தை கூடுகிறது. அறுவடை விழாவிலிருந்து தோன்றிய சந்தை அது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்து வருகிறது. அங்கே இன்றும் இரண்டு பண்டங்கள் கட்டாயம் விற்கப்படும். ஒன்று, கடலோரப் பாறையில் பறித்து உலர்த்திய 'டல்ஸ்' என்னும் கடற்பாசி. மற்றொன்று, 'எல்லோமேன்' என்னும் மஞ்சள் நிறச் சர்க்கரைப் பாகு மிட்டாய். கடையில் எத்தனையோ இனிப்பு கிடைக்கும் இக்காலத்திலும், அவ்வூர்ப் பிள்ளைகள் அந்த இரண்டையும் அறிந்தே வளர்கிறார்கள்.

அதே தீவின் வடபகுதியில் வேறு வகைச் சந்தைகளும் இருந்தன. மே மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் கூடிய அவற்றில் ஏழை விவசாயக் குடும்பத்து இளைஞர்களையும் சிறுவர்களையும் ஆறு மாத வேலைக்குப் பேரம் பேசி அமர்த்தினர். கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அக்காட்சி அந்நியமன்று. அச்சந்தைகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மறைந்தன. ஆயினும், அவற்றின் கொடுமையையும் அம்மக்கள் மறக்காமல் பேசுகிறார்கள்; எழுதுகிறார்கள். இனிப்பையும் கசப்பையும் சேர்த்தே அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள்.

என் பிழை

இவ்வளவு எழுதும் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, சொந்த வட்டாரத்தின் வரலாறு குறித்து ஓர் இடுபணி செய்யும்படி பணித்தனர். நான் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பற்றி நூலகத்தில் எல்லாம் இருந்தது. விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைப் படியெடுத்துக்கொண்டிருந்தபோது பாட்டி அருகில் வந்தார். "என்னா கண்ணு எழுதுற?" என்றார். சொன்னேன். "அந்த மணிக்கூண்டுப் பக்கத்துலதான் கடை போடுவாங்க. நானும் எங்க அக்காளும்..." என்று தொடங்கினார். "அப்புறம் சொல்லுங்க பாட்டி, நாளைக்கு அனுப்பணும்" என்றேன்.

இடுபணிக்கு நல்ல புள்ளி கிடைத்தது. பாட்டி 2004இல் காலமானார். அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு இன்றளவும் தெரியாது.

கட்டுரைகளில் ராட்டினம் சுழன்ற அன்று எனக்குச் சினம் பிள்ளைகள் மீதன்று. சாய்ந்த கோபுரத்தைப் படியெடுத்த அந்தப் பயிற்சி ஆசிரியர் மீதுதான்.

வகுப்பறையில் ஒரு முயற்சி

மாதிரிக் கட்டுரை நூலை மூடி வைத்துவிட்டு, அவ்வாண்டே மாணவர்க்கு ஐந்து கேள்விகள் கொடுத்தனுப்பினேன். தாத்தா பாட்டியிடமோ, பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கேட்டு வர வேண்டும். அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார்? திருவிழா எந்த மாதம்? என்னென்ன கடைகள் வந்தன? அங்கு வாங்கிய பொருள் ஏதேனும் வீட்டில் இருக்கிறதா? அங்கு யாரைச் சந்தித்தார்?

ஒரு வாரத்தில் வந்தவை என்னை வியக்கவைத்தன. ஒரு தாத்தா நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கடைத்தெருவின் வரைபடத்தையே போட்டுக் கொடுத்திருந்தார். கோயில், வேப்பமரம், ஆயாக்கொட்டகை, அதற்கு எதிரே வளையல் கடை. அதைக் கண்ட வேறொரு மாணவியின் பாட்டி, வளையல் கடை வேப்பமரத்தின் இந்தப் பக்கம் என்று திருத்தம் சொல்லி அனுப்பினார். இருவரும் ஒரே தோட்டத்தவர்கள்; முப்பது ஆண்டுகளாகச் சந்திக்காதவர்கள். பள்ளியின் பெற்றோர் தினத்தன்று இருவரும் அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வழக்காடினார்கள். சுற்றி நின்ற பிள்ளைகள் வாய்மூடிக் கேட்டார்கள். தீர்ப்பு இன்றுவரை வரவில்லை.

அவ்வாரம் எழுதப்பட்ட கட்டுரைகளில் எழுத்துப் பிழைகள் மிகுந்திருந்தன. ஆனால், ஒன்றிலும் ராட்டினம் இல்லை. ஒரு மாணவி தன் பாட்டி வாங்கிய கண்ணாடி வளையல்கள் வரும் வழியிலேயே உடைந்ததை எழுதியிருந்தாள். இன்னொருவன், தாத்தா படம் பார்க்கும்போது தூங்கிவிட்டதால் முடிவு தெரியாது என்று எழுதியிருந்தான். அவை அவர்களுடைய கட்டுரைகள்.

நாம் செய்யத்தக்கவை

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. மாதிரிக் கட்டுரைக்கு இருந்த நெருக்கடி தளர்ந்துள்ளது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களை மட்டுமல்லாமல் வழக்கங்களையும் கலைகளையும் மரபுடைமையாக ஏற்கிறது. ஆனால், எவரும் எழுதி வைக்காத ஒன்றைச் சட்டம் வந்து காக்காது.

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்:

1. ஆண்டில் ஒரு கட்டுரையாவது, பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதும் கட்டுரையாக இருக்கட்டும்.

2. கலைந்துபோன தோட்டத்தின் வரைபடத்தை, அங்கு வாழ்ந்தவரைக் கொண்டே வரையச் செய்யுங்கள். லயம், கோயில், பள்ளி, கடைத்தெரு அனைத்தும் அதில் இடம்பெறட்டும்.

3. கிடைத்தவற்றைப் பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கூறியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும், அவர் இசைவு பெற்று, மறவாமல் குறியுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பழைய பாத்திரமோ விளக்கோ இருந்தால், அது எங்கே, யாரால், எவ்வாறு வாங்கப்பட்டது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரிந்தவர் இருக்கும்போதே கேளுங்கள். சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் செல்லும்போது, தேரைக் கண்டு வணங்கியதோடு திரும்பிவிடாமல், பிள்ளையின் கையைப் பிடித்துக் கடைத்தெருவில் மெல்ல நடந்து செல்லுங்கள்.

மணிமேகலைக் காப்பியம் ஒரு செய்தி கூறுகிறது. மகனை இழந்த துயரில் சோழ மன்னன் இந்திர விழாவை எடுக்க மறந்தான். அதனால் புகார் நகரைக் கடல் கொண்டது என்பது அச்செய்தி. அங்கே விழா மறந்ததால் ஊர் மூழ்கிற்று. நமக்கோ ஊர் முதலில் மூழ்கிவிட்டது. ஆயினும், அவ்வூரில் கடை வீதியில் நடந்தவர்கள் சிலர் இன்னும் நம் வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

இன்று மாலை அவர்களில் ஒருவர் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், 'அப்புறம்' என்று சொல்லிவிடாதீர்கள்.